90களின் நேரடி வீடியோ ஆக்‌ஷன் படங்கள்: ஒரு பெட்டி கேசட், பூசணம், மலைக் குளிர்

குன்னூர்_சிம்ஸ்பார்க்

வணக்கம். மூடிப்போன வாடகை வீடியோ கடையோட சரக்கு ஒரு பெட்டி கைக்கு வந்திருக்கு. எல்லாம் வி.எச்.எஸ், பெரும்பாலும் 1989லிருந்து 1998 வரைக்குமான அமெரிக்க ஆக்‌ஷன் படங்கள். தியேட்டர் பக்கமே போகாம நேரா கேசட்டா வந்த வகை. நடிகர்கள்ல டான் வில்சன், சிந்தியா ராத்ராக், கேரி டேனியல்ஸ், ஜெஃப் வின்காட் பெயர்கள்தான் அதிகம்.

கேள்வி மூணு. கதை எல்லாத்துலயும் ஒண்ணுதான்: போலீஸ்காரர், செத்துப்போன பார்ட்னர், துறைமுகக் கிடங்கு. அப்படியும் இதை இன்னைக்கும் தேடிப் பார்க்கிறாங்களே, என்னத்தைப் பார்க்கணும்? ரெண்டாவது, பாதிக் கேசட்டுல, கேசட்டோட சின்ன ஜன்னல் வழியா பார்த்தா டேப் ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கு. டெக்ல (வி.சி.ஆர்) போடலாமா? மூணாவது, டி.வி.டி கிடைக்கிற படத்துக்குக் கேசட்டைக் கட்டி அழணுமா? டெக் நம்ம ஊர் வீடியோ முறையான பால் (PAL) மட்டும் படிக்கும்.

ஸ்டன்ட்_யூனிட் (ஊட்டி)

கதையைத் தேடினா கிடைக்காதுங்க. இந்தப் படங்களோட உயிர் ஸ்டன்ட் யூனிட்டுல இருக்கு. போஸ்டரையும் ரெண்டு நடிகர் பெயரையும் காட்டி நாடு நாடா முன்கூட்டியே உரிமையை வித்து, அந்தப் பணத்துலயே படம் எடுத்த வியாபாரம் இது. மூணு நாலு வாரத்துல ஷூட்டிங் முடியணும். நட்சத்திரத்துக்குக் கொடுக்கக் காசு இல்ல. இருந்த காசு காருக்கும் கண்ணாடிக்கும் பெட்ரோலுக்கும் போச்சு. அதான் இன்னைக்கும் பார்க்க வைக்குது.

பி.எம் என்டர்டெயின்மென்ட்டை முதல்ல எடுங்க. ஜோசப் மெர்ஹி, ரிச்சர்ட் பெப்பின் ரெண்டு பேரோட கம்பெனி. 1995ல வந்த 'ரேஜ்', அதே வருஷத்து 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' ரெண்டும் பெட்டியில இருந்தா தனியா எடுத்து வைங்க. இதே தலைப்புல 1996ல புரூஸ் வில்லிஸ் படம் ஒண்ணு இருக்கு, அது வேற. உங்களுக்கு வேண்டியது ஜெஃப் வின்காட் நடிச்சது. இந்தப் படங்கள்ல ஸ்டன்ட்டைக் கையாண்ட ஸ்பைரோ ரஸாடோஸ் பின்னாடி 2011ல 'ஃபாஸ்ட் ஃபைவ்' வரைக்கும் போனவர். கையில் காசு கம்மியா இருந்த காலத்துலயே அவர் வேலை எப்படி இருந்ததுன்னு இங்க பார்க்கலாம்.

கார் உருளும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. ரெண்டு வகை இருக்கும். ஒண்ணு குழாய் ஏற்றம்: சாய்வா நட்ட இரும்புக் குழாய் மேல காரோட ஒரு பக்கத்து அடிப்பாகம் ஏறும், மறு பக்கம் தரையிலேயே இருக்கும், அதனால கார் முறுக்கிக்கிட்டே பறக்கும். வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் கார் குழாய் மேலயே உட்கார்ந்துடும். குழாயை மறைக்க முன்னாடி ஒரு பழைய காரையோ அட்டைப் பெட்டிக் குவியலையோ நிறுத்துவாங்க. பறக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி அந்த மறைப்பைக் கண்ணால தேடுங்க. ரெண்டாவது பீரங்கி உருட்டு: காரோட அடிப்பாகத்துல ஒரு சிலிண்டர், வெடிமருந்து அல்லது நைட்ரஜன் அழுத்தத்துல ஒரு கட்டை ரோட்டை நோக்கிப் பாயும், கார் ஓடுற ரோட்டிலேயே கவிழும். ஏற்றம் எதுவும் இல்லாம கார் திடீர்னு எகிறினா இதுதான். ரெண்டுலயும் உள்ளே இரும்புக் கூண்டு, அசல் பெட்ரோல் டேங்கைக் கழட்டிட்டுச் சின்ன டேங்க்.

ஒரே மோதல் நாலு கோணத்துல திரும்பத் திரும்ப வருதேன்னு சலிச்சுக்க வேண்டாம். ஒரு காரை ஒரு தடவைதான் உடைக்க முடியும். நாலைஞ்சு கேமராவை வெச்சு, சிலதை நொடிக்கு 96, 120 ஃபிரேம்ல ஓடவிட்டு, எடிட்டிங்ல எல்லாத்தையும் போட்டாதான் செலவழிச்சது திரையில தெரியும். நெருப்புப் பந்தும் அப்படித்தான். பெட்ரோலை மருந்து வெச்சுத் தூக்கி எரியவிடுறாங்க. நிறைய ஜுவாலை, கரும்புகை, ஆனா சிதறல் கம்மி. கிராஃபிக்ஸ் நெருப்பு பக்கத்துல நிக்கிற ஆள் முகத்துல இப்படி வெளிச்சம் அடிக்காது.

சண்டையில நடிகரோட கால் தெரியுதான்னு மட்டும் பாருங்க. வில்சன் கிக்பாக்ஸிங் உலக சாம்பியன். ராத்ராக் 1981லிருந்து 1985 வரை தற்காப்புக் கலையில 'வடிவம்' (எதிராளி இல்லாம அசைவுகளைச் செஞ்சு காட்டுறது), ஆயுதப் பிரிவுகள்ல உலக சாம்பியன், ஹாங்காங்ல மிஷெல் யோவோட நடிச்சுட்டு வந்தவர். இவங்களுக்கு டூப் வேண்டியதில்ல, அதனால தலையிலிருந்து கால் வரைக்கும் ஃபிரேம்ல வெச்சு ஒரே ஷாட்ல நாலஞ்சு அடி எடுக்க முடிஞ்சது. வில்சனோட 'பிளட்ஃபிஸ்ட்' வரிசை 1996க்குள்ள எட்டு பாகம். மூணாவதிலிருந்து கதைகளுக்குள்ள தொடர்பே கிடையாது, எந்த வரிசையிலயும் போடலாம்.

இன்னொண்ணு: 1997ல வந்த 'டிரைவ்', மார்க் டகாஸ்கோஸ் நடிச்சது, ஸ்டீவ் வாங் இயக்கினது. சண்டை அமைச்சது ஜப்பானியரான கொய்ச்சி சகமோட்டோ. இந்த வகைப் படங்கள்லயே சண்டைக்கு இதுக்கு மேல ஒண்ணு சொல்ல மாட்டேன்.

டெக்_ரிப்பேர் (கோத்தகிரி)

வெள்ளையா இருக்கிற எதையும் இப்போ டெக்ல போடாதீங்க. அது பூசணம். ஒரு கேசட்டைப் போட்டா டெக்குக்குள்ள இருக்கிற டிரம்மிலும் (டேப்பைப் படிக்கிற ஹெட் பொருத்தின சுழல் உருளை) ரோலரிலும் ஒட்டி, அடுத்துப் போடுற நல்ல கேசட்டுக்கும் பரவும். நம்ம பக்கம் ஜூன்லயும் அக்டோபர், நவம்பர்லயும் வீட்டுக்குள்ளயே ஈரப்பதம் 90 சதவீதம் போகும். 65க்கு மேல தொடர்ந்து இருந்தாலே அது வளரும்.

முதல் வேலை பிரிக்கிறது. சுத்தமானது ஒரு அறை, வெள்ளை படிஞ்சது வேற அறை. படிஞ்சதை இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல பத்துப் பத்தா அடுக்கி, கால் கிலோ சிலிகா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி போட்டு மூடுங்க. ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு இறங்கி ரெண்டு வாரம் அங்கேயே நிக்கணும். ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சையாச்சுன்னா ஓவன்ல 120 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம் காயவெச்சுத் திரும்பப் போடலாம். நீலக் கலர் ஜெல் வேண்டாம், அதுல கோபால்ட் இருக்கு. ஈரமா இருக்கும்போது துடைச்சா பூசணம் டேப் முழுக்க ஈஷிக்கும், காஞ்சா தூளா உதிரும். அவசரப்படுறவங்க கெடுக்கிறது இந்த இடத்துலதான்.

காஞ்ச பிறகு வெளித் திண்ணையில, என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு வேலையை ஆரம்பிங்க. கேசட்டைக் கவிழ்த்து அஞ்சு ஸ்க்ரூவைக் கழட்டி, மறுபடி நிமிர்த்தி, மேல் மூடியை நேரா தூக்குங்க. டேப் எந்த ரோலருக்கு உள்ளே, எந்தத் தூணுக்கு வெளியேன்னு மூடியைத் தூக்கின உடனே போட்டோ எடுத்துக்கங்க. மெல்லிய பிரஷ்ஷால ரீலோட ஓரத்தை வட்டமா தள்ளிவிடுங்க. பிறகு ரெண்டு ரீலையும் சுத்தமான வேற கூட்டுக்கு மாத்துங்க. குப்பைக் கேசட் நாலு இருந்தா கூடு கிடைச்சிடும். தனியா வர்ற ரீவைண்டர் மெஷின்ல, நூல் உதிராத துணியை டேப்போட ரெண்டு பக்கமும் லேசா பிடிச்சபடி ஒரு முறை ஓட்டுங்க. துணியில கறுப்போ வெள்ளையோ தெரிஞ்ச உடனே இடத்தை மாத்துங்க. டேப் மேல ஆல்கஹால் ஊத்தாதீங்க.

இதுக்குன்னு ஒரு பழைய டெக்கை ஒதுக்குங்க, நல்ல டெக்குக்குப் பக்கத்துலயே இந்தக் கேசட்டைக் கொண்டு போகாதீங்க. ஒவ்வொண்ணும் ஓடி முடிஞ்சதும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச ஷாமாய் தோல் குச்சியை டிரம் மேல அசையாம வெச்சு, டிரம்மை மட்டும் கையால மெதுவா சுத்துங்க. மேலும் கீழும் தேய்ச்சா ஹெட் முனை ஒடிஞ்சிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, அதோட நூல் ஹெட்ல மாட்டும்.

மலைக்கே உரிய சிக்கல் ஒண்ணு. ராத்திரி 8, 10 டிகிரியில கிடந்த டெக்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே போட்டா டிரம் மேல பனி படியும். பால் டெக்ல டிரம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துது. ஈர டிரம்ல டேப் ஒட்டினா சுருண்டு கிழிஞ்சிடும். பனி உணரி இருந்தா டெக்கே மறுக்கும், இல்லாத மாடல்தான் அதிகம். ஆன் பண்ணி, கேசட் போடாம ஒரு மணி நேரம் விடுங்க. கேசட்டும் அதே அறையில உறைக்குள்ளயே ரெண்டு மணி நேரம் இருக்கட்டும். முதல்ல ஓட்டுறது போனா பரவாயில்லங்கிற கேசட்டா இருக்கட்டும். டேப்பை அழுத்தி இழுக்கிற பிஞ்ச் ரோலர் ரப்பர் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா டேப்பை மென்னுடும், முன்னாடியே மாத்துங்க.

பிரேம்25 (கொடைக்கானல்)

மூணாவது கேள்விக்கு வரேன். இதுல ஒரே பதில் கிடையாது, படத்துக்குப் படம் மாறும். வீடியோவுக்குன்னே எடுத்த பல படங்கள்ல 35 எம்.எம் நெகடிவ்ல பழைய டி.வியோட 4:3 சட்டத்தை மனசுல வெச்சுதான் ஃபிரேம் கட்டினாங்க. பின்னாடி வந்த அகலத்திரை டிஸ்க் அதுல மேலயும் கீழயும் வெட்டியிருந்தா, மேலே ஸ்டன்ட்_யூனிட் அண்ணா சொன்ன அந்தக் கால்தான் முதல்ல காணாமப் போகும். அப்படிப்பட்ட படத்துக்குக் கேசட்டைக் காப்பாத்துறது அவசியம். ஆனா அகலமா கட்டின படத்தைக் கேசட்டுக்காக ரெண்டு பக்கமும் வெட்டியிருந்தா டிஸ்க்தான் சரி.

கண்டுபிடிக்கச் சண்டைக் காட்சி ஒண்ணை ரெண்டுலயும் ஒரே இடத்துல நிறுத்துங்க. கேசட்டுல தலைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் கூடுதல் இடம் இருந்தா முதல் வகை. ரெண்டு பேர் பேசும்போது ஒருத்தர் மூக்கு மட்டும் ஓரத்துல தெரிஞ்சா ரெண்டாவது வகை.

நீளத்தை வெச்சு 'வெட்டிட்டாங்க'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. 24 ஃபிரேம் படம் பால்ல 25 ஃபிரேமா ஓடும், 100 நிமிஷப் படம் 96ல முடியும், குரலும் கொஞ்சம் கீச்சா கேட்கும். அதுக்கு மேல குறைஞ்சா வெட்டுதான்.

கம்ப்யூட்டருக்கு மாத்தும்போது வீடியோ பிடிக்கிற மலிவான யூ.எஸ்.பி டாங்கிளுக்கு நேரா கொடுத்தா, படம் மேல் ஓரத்துல வளையும், ஃபிரேம் விழும், கடைசியில ஒலியும் உதடும் பிரியும். நடுவுல பானசோனிக் டி.எம்.ஆர்-ஈ.எஸ்10 இல்லன்னா ஈ.எஸ்15 டி.வி.டி ரெக்கார்டர் வழியா விட்டா வரிகள் நேராகும். 720க்கு 576ல பிடிங்க. ஹஃப்ஒய்யூவி மாதிரி இழப்பில்லாத முறையில மணிக்கு 30 ஜி.பி பக்கம் ஆகும், இடம் வெச்சுக்கங்க. ஹை-ஃபை ஒலி கரகரத்தா டெக்ல டிராக்கிங்கை (ஹெட் டேப்ல படிக்கிற பாதை) சரிபண்ணுங்க, அப்பவும் போகலன்னா மோனோ ஒலிக்கு மாத்துங்க. கீழ் ஓரத்துல பத்து வரி கலங்கித் தெரியறது டெக்கோட இயல்பு.

போடும்போது டி.வியையும் புரொஜக்டரையும் 4:3ல வைங்க. இழுத்து அகலமாக்கினா உதையோட வேகமே செத்துடும்.

குன்னூர்_சிம்ஸ்பார்க்

ரொம்ப நன்றிங்க. பெட்டியில 'டிரைவ்' இருக்கு, ஆனா உறையில அமெரிக்க வீடியோ முறையான என்.டி.எஸ்.சி.ன்னு போட்டிருக்கு. இந்த டெக்ல ஓடுமா?

டெக்_ரிப்பேர் (கோத்தகிரி)

பால் மட்டும் படிக்கிற டெக்ல ஓடாதுங்க. என்.டி.எஸ்.சி டேப் நொடிக்கு 33 மில்லிமீட்டர் ஓடணும், பால் 23தான். படம் கலரில்லாம, கிழிஞ்சு கிழிஞ்சு, மெதுவா வரும். டேப்புக்கு ஆபத்தில்ல, ஆனா பார்க்க முடியாது. ரெண்டு முறையும் படிக்கிற மல்டி சிஸ்டம் டெக்தான் வேணும். வாங்கும்போது பின் பக்கமோ முன் பலகையிலோ முறை மாத்துற ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, கையோட ஒரு என்.டி.எஸ்.சி கேசட்டையும் கொண்டுபோய் கடையிலயே கலர் வருதான்னு ஓட்டிப் பார்த்து வாங்குங்க. இந்த 'டிரைவ்' கேசட்டை அதுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, வேற ஒண்ணைப் போடுங்க.