கானாடுகாத்தான் வீட்டு ஆட்டோமேஷனை காரைக்குடியில் இருந்தே பார்க்க வழி?

கேள்வி: வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில். வீட்டில் வயதான ஆச்சி மட்டும். முகப்பு விளக்கு, மோட்டார், கேமரா எல்லாம் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில். நெட் 4ஜி சிம். ரவுட்டரில் அதன் 8123 போர்ட்டை (வெளியிலிருந்து நுழையும் வழி) திறந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை. சின்ன விஷயத்துக்கும் நான் காரைக்குடியில் இருந்து வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது.

பதில்: அண்ணே, சிம் நெட்டில் பெரும்பாலும் தனி பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து எட்டக்கூடிய இணைய முகவரி) கிடையாது, பலருக்கும் சேர்த்து ஒன்றுதான். போர்ட் திறந்து பயனில்லை, மூடிவிடுங்கள். உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள், அது இணைப்பை உள்ளிருந்தே தொடங்கும். அதில் கீ எக்ஸ்பைரியை (உள்நுழைவு காலாவதியாவதை) அந்த ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 180 நாளில் வெளியே தள்ளிவிடும், மறுபடி வண்டிதான்!

பதில்: ரவுட்டர் எங்கே இருக்கிறது? அந்தக் கனத்த சுவருக்குள் 4ஜி திணறும். மாடி ஜன்னலோரம் வையுங்கள். யூபிஎஸ்ஸும் அவசியம்.

கேட்டவர்: வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், பீரோ மேலே! சரி, மாற்றுகிறேன். ஆச்சியிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.