பண்ணையில் தங்கி மேய்ச்சல் பழகியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடவுக்காவல்:

போன வாரம் இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பண்ணையில் போய்த் தங்கி ஆடு மாடு மேய்க்கக் கற்றுக்கொள்வது என்றால் அங்கே என்னதான் சொல்லித்தருவார்கள்? பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இங்கேயே போடுகிறேன். உங்களிடம் இருப்பதையும் எழுதுங்கள்.

எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது வீடியோ பார்த்துத்தான். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஜோயல் சலாட்டினின் பாலிஃபேஸ் பண்ணை இருக்கிறது. கோடையில் இளைஞர்கள் அங்கே தங்கி வேலை பழகுகிறார்கள். மாடு மேய்ந்துபோன இடத்துக்கு மூன்று நான்கு நாள் கழித்து, சக்கரம் வைத்த கோழிக்கூண்டை இழுத்துக்கொண்டு போவார்கள். சாணியில் ஈப்புழு திரண்டிருக்கும். கோழி கிளறித் தின்னும், சாணியும் பரவிவிடும். நானும் போவதாகக் கனவு கண்டு, விசா விசாரித்து, கையிருப்பை எண்ணிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளகோவில் பக்கம் வாக்கப்பட்ட எங்கள் பெரியம்மாதான் வழி காட்டினார். "கொறங்காடு வெச்சிருக்கற பெரியவர் ஒருத்தர் ஆளில்லாம செரமப்படறாரு, போய் இருந்து பாக்கறயா?" சம்பளம் கிடையாது, கட்டணமும் கிடையாது. சாளையில் (காட்டு வீட்டில்) கயிற்றுக்கட்டில், மூன்று வேளைச் சோறு. ஆவணிக் கடைசியில் போனேன். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தை பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

கொறங்காடு தெரியாதவர்களுக்காக: காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் தலைமுறைகளாக இருக்கும் பட்டா மேய்ச்சல் நிலம். மழை குறைந்த பூமி, பாசனம் கிடையாது. தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே போக ஒரு கடவு, அதை அடைக்க ஒரு படல். நான் இருந்த வீட்டுக்கு இப்படி 5 காடுகள். மொத்தம் 22 ஏக்கர். காங்கேயம் மாடு 6, செம்மறி 40 சொச்சம்.

முதல் இரண்டு வாரம் கட்டுத்தரையில் சாணி அள்ளினேன், தொட்டி கழுவினேன், சாயங்காலம் லுங்கியில் ஒட்டிய கொழுக்கட்டைப்புல் விதையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஐயா பாடம் எடுக்கும் ஆள் இல்லை. காலை ஒன்பது மணிக்கு முன்னால் ஆட்டைப் பட்டியிலிருந்து விடமாட்டார். ஏன் என்று கேட்டால் "பனிப்புல்லுத் தின்னா கழியும்" என்பார், அவ்வளவுதான். வயிற்றுப்புழுவின் குஞ்சுகள் ஈரம் இருக்கும்போதுதான் புல் இலையில் மேலேறி நிற்கும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டியைத் திறக்கும்போதே ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் போகட்டும். வெளுத்திருந்தால் புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம், அதற்கு மட்டும் மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதே சோதனைக்கு 5 படி நிறம் அச்சிட்ட அட்டை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஐயாவுக்கு அட்டை தேவைப்படவில்லை.

நான் அங்கே கற்றது என்ன என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். கார்த்திகையில் ஒரு நாள் மேய்கிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா வந்து, "ஆட்டயே பாத்துட்டு நின்னா எப்பிடி கண்ணு? மேஞ்ச புல்லப் பாரு" என்று குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு புல் தூரை விரலால் விரித்துக் காட்டினார். கடிபட்ட இலையின் நுனி கத்தரித்த மாதிரி மொட்டையாக இருக்கும். சில நாளில் நடுவிலிருந்து புது இலை வரும், அதன் நுனி ஊசி மாதிரிக் கூராக இருக்கும். அந்தப் புது இலையிலும் மொட்டை நுனி தெரிந்தால் ஆடு திரும்பி வந்து குருத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட வேண்டும்.

கடிபட்ட புல் அடித்தூரிலும் வேரிலும் சேர்த்துவைத்ததைச் செலவழித்துத்தான் முதல் இலையை விடுகிறது. அது தேறுவதற்குள் மறுபடி கடித்தால் வேர் சுருங்கும். எத்தனை ஆடு என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம் என்று 1950-களில் பிரான்சில் ஆந்த்ரே வாய்சான் சொன்னதும் இதுதான். ஐயா வாய்சானைக் கேள்விப்பட்டதில்லை. அவர் முதலில் மாட்டை விடுவார், பின்னால் ஆட்டை விடுவார். மாடு நாக்கால் வளைத்து இழுப்பதால் கொஞ்சம் உயரத்திலேயே அறுபடும், ஆடு பிளந்த மேலுதட்டால் தரையை ஒட்டிக் கடிக்கும். ஆடு முதலில் போனால் மாட்டுக்கு மண்தான் மிச்சம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அது ஐப்பசியில், நான் போய் இரண்டே மாதத்தில் நடந்தது. மேற்கால காட்டை ஒட்டித் தட்டுக்காக (மாட்டுத் தீவனத்துக்காக) சோளம் விதைத்திருந்தார்கள். மூன்று வாரம் மழை இல்லை. பயிர் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனவன் படலை மேலே மட்டும் கட்டிவிட்டுப் போயிருக்கிறேன். மூன்று ஆடு உள்ளே போய்விட்டன. கால் மணி நேரம்கூட இருக்காது. வெளியே ஓட்டி வந்த பிறகு ஒன்று தள்ளாடியது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கற்ற வித்தையைக் காட்டுவோம் என்று இமையை இழுத்துப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது. அப்படியானால் நல்ல ரத்தம், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு நிழலில் படுக்கவைத்தேன்.

வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். அது உடம்புக்குள் போனால் ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனைத் தசையால் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தச் சிவப்பே நஞ்சின் அடையாளம். கால்நடை மருத்துவர் வந்து தயோசல்பேட் ஊசி போட்டு இரண்டைக் காப்பாற்றினார். முதலில் தள்ளாடியது அவர் வருவதற்குள் போய்விட்டது. சினை ஆடு. "படலுக்கு ரெண்டு கட்டுன்னு சொன்னனா இல்லியா?" என்று ஐயா கத்தினார். ஆத்தா சோறு போடும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது, எனக்குத்தான் ஆகவில்லை.

காசு விஷயமும் கேட்பீர்கள். பாலில் வருமானம் கிடையாது. காங்கேயம் பசு கன்றுக்குப் போக வீட்டுக் காப்பிக்குக் கொடுக்கும். ஆட்டுக்குட்டி விற்பதும், காளைக்கன்று விற்பதும்தான் வரவு. பங்குனி, சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும்போது வெள்வேலங்காய் உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும், தீவனச் செலவு மிச்சம். அப்புறம் தெருநாய். அந்தப் பக்கம் இப்போது பெரிய தலைவலி அதுதான். பட்டியில் புகுந்து ஒரே ராத்திரியில் பத்துப் பதினைந்து ஆட்டைக் கடித்துப் போட்டுவிடும். இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டமே நடத்தினார்கள். நான் இருந்த மாதங்களில் பாதி ராத்திரி டார்ச்சோடு விழித்திருந்தேன்.

மேய்ச்சலாலேயே பாலைவனத்தைப் பசுமையாக்கலாம், பூமி சூடாவதைத் தடுக்கலாம் என்று ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி பேசுவதை நம்பித்தான் பலர் இதற்குள் வருகிறார்கள். விஞ்ஞானிகள் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. 5 காட்டைப் பார்த்தவன் நான், அதற்குச் சாட்சி சொல்லமாட்டேன். வேலிக்கு வெளியே புறம்போக்கு கட்டாந்தரையாகக் கிடந்ததும், உள்ளே தையிலும் புல் நின்றதும் மட்டும் என் கண்ணால் பார்த்தவை.

கிடைக்காட்டான்:

ஐயோ, அந்தச் சோளக் கதை! எங்கள் தாத்தா வீட்டில் ஒரு பசு அப்படிப் போயிருக்கிறது.

என்னுடையது பண்ணையே இல்லை, ஏனென்றால் அது நடந்துகொண்டே இருக்கும். மாசி, பங்குனியில் சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் (ஆடு ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் மேய்ப்பர்கள்) செம்மறிகளோடு எங்கள் மன்னார்குடிப் பக்கம் வருவார்கள். பகலில் அறுத்த தாளடியில் மேய்ச்சல், ராத்திரி யாராவது ஒருவர் வயலில் கிடை, அதாவது எருவுக்காக ஆடுகளை அங்கேயே படுக்கவைப்பது. கிடைக்கு வயல்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். வருடா வருடம் எங்கள் வயலில் கிடை போடும் கீதாரியிடம், "மாமா, நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டேன். "ரெண்டு நாள்ல ஓடிருவ மாப்ள" என்றார். 40 நாள் இருந்தேன். கடைசி வாரம் காய்ச்சல், அதையும் சேர்த்துத்தான் 40.

எருவைப் பற்றி அங்கே கற்றதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. நடுராத்திரி இரண்டு மணிக்கு மாமா எழுந்து, கம்பை மெல்லத் தட்டிக் கிடையை எழுப்புவார். படுத்திருந்த ஆடுகள் எழுந்ததும் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்யும், அத்தனையும் ஒன்றாக. இருட்டில் மழை பிடித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நாலு எட்டுத் தள்ளி மறுபடி படுக்கவைப்பார். புழுக்கை ஒரே இடத்தில் குவியாமல் வயல் முழுக்க ஒரே சீராக விழும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அவர் பீடி பற்றவைப்பார். ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறுவருசம் என்பார்கள். உரம் போடாத குறுவையில் வரப்புக்குக் கிடை போட்ட இந்தப் பக்கமும் போடாத அந்தப் பக்கமும் பச்சை நிறமே வேறாக இருந்தது.

சாயங்காலம் கூடாப்பை (குட்டிகளை அடைக்கும் கூடைக்கூண்டை) திறந்து குட்டிகளை விடும் நேரத்தை மட்டும் யாரும் தவறவிடாதீர்கள். இருநூறு தாயும் குட்டியும் ஒரே நேரத்தில் கத்தும். நமக்கு எல்லாம் ஒரே குரல். பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றும் தன் மடியைக் கண்டுபிடித்திருக்கும்.

ஈப்போ அக்கா:

நான் மலேசியா. வூஃப் (WWOOF, பண்ணையில் தங்கி வேலை பழகும் ஏற்பாடு) வழியாக நியூசிலாந்து தெற்குத் தீவில் ஒரு ஆட்டுப் பண்ணையில் மூன்று மாதம் இருந்தேன். 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏற்பாடு அது. தினம் நாலு முதல் ஆறு மணி நேரம் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். ஒன்று கவனம்: சம்பளம் இல்லையே என்று டூரிஸ்ட் விசாவில் போய்விடாதீர்கள். நியூசிலாந்தில் அதையும் வேலையாகத்தான் கணக்கு வைப்பார்கள். நான் ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் போனேன்.

அங்கே கிளுவை இல்லை, கரண்ட் வேலிதான். ஒயர் சுற்றிய ரீலும், மிதித்து நடும் கம்பிகளும் இருந்தால் இருபது நிமிடத்தில் ஒரு தடுப்பு. புல்லின் உயரத்தை அளக்க ஒரு தட்டு மீட்டர் வைத்திருந்தார்கள். முதலாளியம்மா அதைக் குத்திக் குத்தி எண் எழுதிக்கொள்வார், பிறகு பூட்ஸால் புல்லைத் தள்ளிப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றுவார்! பிப்ரவரியில் மண் காய்ந்தபோது ஆடுகள் வேலியைத் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி போச்சு என்று நினைத்தேன். "எர்த் கம்பிக்குத் தண்ணி ஊத்து" என்றார். இரண்டு வாளி ஊற்றினேன். கரண்ட் ஒயரில் போய் ஆட்டின் கால் வழியாக மண்ணில் இறங்கித்தான் சுற்று முடிய வேண்டும், காய்ந்த மண்ணில் அது ஓடாது. சரியாகிவிட்டதா என்று கையை வைத்துப் பார்த்த முட்டாள் நான்தான்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் முன்னால் அங்கே தங்கிய இரண்டு பெண்களிடமாவது பேசிவிட்டுப் போங்கள். அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

பால்சோறு:

எல்லாம் நல்ல கதையாகவே வருகிறது. என் கதை: ஒரு மாதப் பயிற்சிக்கு 18,000 ரூபாய் கட்டினேன். பண்ணையின் பெயர் வேண்டாம். 30 நாளில் 22 நாள் விருந்தினர் குடிலுக்குக் கல் சுமந்தேன். மாடுகள் கொட்டகையில், வாங்கிப் போட்ட தீவனத்தில். மேய்ச்சல் என்று போட்டோவில் இருந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. கடைசியில் லேமினேட் செய்த சான்றிதழ் கொடுத்தார்கள். போவதற்கு முன் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் காட்டில் மாடு கடைசியாக மேய்ந்தது எப்போது, அடுத்து எப்போது விடுவீர்கள்?" பதில் வராவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கடவுக்காவல், ஒரு சந்தேகம். படலுக்கு இரண்டு கட்டு என்றால் எங்கே எங்கே?

கடவுக்காவல்:

@பால்சோறு, மேலே ஒன்று, கணுக்கால் உயரத்தில் ஒன்று. மாடு மேலே முட்டும், ஆடு கீழேதான் தலையை விடும். கீழ்க்கட்டை முதலில் போடுங்கள், மேலே கட்டிவிட்டால் குனிய மறந்துபோகும்.