சுரப்பு, கழிவகற்றல், குழற்சேர்ப்பு

அன்புள்ள ஐயா,

உயிரியல் பாடத்தில் வரும் செக்ரீஷன் (secretion), எக்ஸ்கிரீஷன் (excretion) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் 'வெளியேற்றம்' என்பதையே அடிச்சொல்லாக வைத்து முன்னொட்டுகளால் பிரிக்கலாம் என்ற தங்கள் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு பொருள் வெளியே வருவது இரண்டிலும் நிகழ்கிறது. எதற்காக வருகிறது என்பதையே சொல் காட்ட வேண்டும்.

முதலாவதற்குச் 'சுரப்பு' போதும். கன்று முட்டியதும் பசுவுக்கு மடி சுரக்கிறது என்கிறோம். உடல் தானே ஆக்கிய பொருள் வேண்டிய நேரத்தில் பயன்பட வருகிறது என்ற பொருள் முழுவதும் அச்சொல்லுக்குள் இருக்கிறது. இன்சுலினுக்கும் உமிழ்நீருக்கும் அது அப்படியே பொருந்தும்.

இரண்டாவதற்குக் 'கழிவகற்றல்' என்பதே என் தேர்வு. ஆனால் மலம் கழித்தலை இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவதை நாம் கைவிட வேண்டும். யூரியாவைப் போல உயிரணுக்களின் வளர்சிதை மாற்றத்தில், அதாவது அவற்றுக்குள் நிகழும் வேதி மாற்றங்களில், விளைந்ததுதான் இங்கே கழிவு. செரிக்காத நார் குடல்வழியே கடந்து போவது மட்டுமே. மலத்தின் பழுப்பு நிறமோ வேறு வகை, உண்மையான கழிவு: அது சிதைந்த செவ்வணுக்களின் ஹீமோகுளோபினிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி வழியாக உருவானது. அந்தப் பிலிரூபினைக் குடலுக்குக் கொண்டுவரும் பித்தநீரிலேயே கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளும் வருவதால், ஒரே நீர்மத்தில் சுரப்பும் கழிவகற்றலும் சேர்ந்தே நிகழ்கின்றன. ஆகவே நாம் பெயரிடுவது செயலுக்கு, நீர்மத்துக்கு அன்று.

உண்மையான சிக்கல் சிறுநீரகத்தில்தான். இரத்தத்தை வடித்து நுண்குழல்களுக்குள் விடும் வடிகட்டல், அதில் வேண்டியதை இரத்தத்துக்கே திரும்ப எடுக்கும் மீளுறிஞ்சல் ஆகியவற்றுக்கு அடுத்த செயலைக் 'குழல் சுரப்பு' என்று எழுதுகிறோம். அங்கே குழலின் சுவரணுக்கள் இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள பொட்டாசியம், சில மருந்துகள் முதலியவற்றை எடுத்துக் குழலுக்குள் விடுகின்றன. பெனிசிலினும் இவ்வழியே விரைந்து வெளியேறுவதால், அது அரிதாயிருந்த 1940களின் தொடக்கத்தில் நோயாளியின் சிறுநீரிலிருந்து அதை மீட்டு மறுபடியும் ஊசிவழியே செலுத்தினார்கள். அந்தப் பெனிசிலினைச் சிறுநீரகம் 'சுரந்தது' என்று எழுதினால், படிக்கும் மாணவர் அது அங்கேயே உண்டானது என்றல்லவா எண்ணுவார்?

எனவே இந்த ஓரிடத்தில் மட்டும் சுரப்பை விட்டுவிட்டு, 'குழற்சேர்ப்பு' என்பதை முன்மொழிகிறேன். மீளுறிஞ்சல் குழலிலிருந்து இரத்தத்துக்கு, குழற்சேர்ப்பு இரத்தத்திலிருந்து குழலுக்கு என்று திசையும் தெளிவாகிவிடும். வகுப்பில் 'குழலில் சேர்த்தல்' என்று விரித்துச் சொன்னாலும் பொருள் கெடாது.