கடைசி நேரத்தில் கைமாறிய குதிரை: உங்களுக்கும் நடந்ததா?

கொட்டகலைக்காரன்:
2022 ஏப்ரல் 9, சனிக்கிழமை. கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராக ஆட்கள் கூடத் தொடங்கிய அதே நாள். அட்டனில் நாங்கள் கூடியது இங்கிலாந்தின் பெரிய குதிரை ஓட்டமான கிராண்ட் நேஷனலுக்காக. நம் நேரப்படி இரவு ஒன்பதே முக்காலுக்கு ஓட்டம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று புக்கியில் (பந்தயக் கடையில்) டிவியை அணைத்துவிட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் ரேஸ் பேப்பர் பார்த்தோம்.

நான் பிடித்து வைத்திருந்தது நோபிள் யீட்ஸ் என்ற குதிரை. விலை ஒன்றுக்கு ஐம்பது, ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு ஐம்பது ரூபாய். அதை ஓட்டுகிறவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் அல்லர். அன்றோடு சவாரியை விடுகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். குதிரை சுமக்கும் எடையும் பத்து ஸ்டோன் பத்து பவுண்டுதான். விலை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் என் பேப்பரை இழுத்தார். "தம்பி, ஏழு வயதுக் குதிரையா? 1940-க்குப் பிறகு ஒன்றாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். மெதுவாக, அடிமட்டம் வைத்தது போல நேராக.

நான் கோட்டை நம்பினேன். முந்தைய ஆண்டு ஜெயித்த மினெல்லா டைம்ஸுக்கு ஐந்நூறு ரூபாய் எழுதினேன். அது ஓட்டத்தை முடிக்கவே இல்லை. யாரோ ஒருவருடைய கைபேசியில் "நோபிள் யீட்ஸ்" என்று கத்துவதைக் கேட்டபோது என் கையில் மினெல்லா துண்டு. போனது இருபத்தைந்தாயிரம், அன்றைய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தில் இருபத்தைந்து நாள் வேலை.

இதையும் தாங்கிக்கொண்டேன். வெளியே படியில் இறங்கும்போது பெரியவர் பின்னால் வந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "கோடு போட்டது நான்தானே" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ராகலை மகள்:
எனக்கு நடந்தது நுவரெலியாவில், ஏப்ரல் சீசனில். சித்தப்பா மகன் ஒரு பழுப்புக் குதிரையில் பிடிவாதமாக இருந்தான். நான் வேலியோரம் நின்றபோது குதிரையைப் பிடித்து நடத்திய பையன் தமிழில் தனக்குள் பேசுவது போலச் சொன்னான்: "காலையிலிருந்து தீனி தொடவில்லை, அக்கா." குதிரையின் கழுத்தைப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் வியர்வை நுரைத்திருந்தது. திரும்பிப் போவதற்குள் தம்பி காசு கட்டிவிட்டு ஐஸ்கிறீமோடு வந்தான். நான் வாயே திறக்கவில்லை. கடைசியாக வந்தது. இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

பெரியவர் காசு கொடுத்ததை நான் தப்பாக எடுக்க மாட்டேன், அண்ணா. சொல்லாமல் இருந்தவளைவிடச் சொல்லிவிட்டுப் பொறுப்பெடுத்தவர் மேல்.

தலவாக்கலை மாமா:
கொட்டகலைத் தம்பிக்கு ஒன்று. குதிரை ஜெயித்துவிட்டதால் அது பெறுமதியான குதிரை, அதாவது உண்மையான வாய்ப்பைவிட விலை கூடிய குதிரை, ஆகிவிடாது. தோற்றிருந்தாலும் பெறுமதி பெறுமதிதான். ஒன்றுக்கு ஐம்பது என்றால் ஐம்பத்தொன்றில் ஒரு வாய்ப்பு, இரண்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. உங்கள் கணக்கில் மூன்று சதவீதம் இருக்கிறது என்றால் மட்டும் எழுதுங்கள். ஓட்டுகிறவருக்குக் கடைசிச் சவாரி என்பது கதை. அதில் குதிரைக்கு எத்தனை சதவீதம்?

பெரியவரின் கோடும் சரியில்லை. ஏழு வயதுக் குதிரைகள் அந்த ஓட்டத்துக்கு அதிகம் வருவதே இல்லை. வராதது எப்படி ஜெயிக்கும்? இப்படிப்பட்ட பழைய விதி ஊரெல்லாம் பரவினால் ஆட்கள் ஒதுங்குவார்கள், விலை ஏறும். அந்த இடத்தில்தான் பெறுமதி ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. அன்று ஓடிய நாற்பது குதிரைகளின் விலையையும் சதவீதமாக்கிக் கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டி எங்கேயோ நிற்கும். தாண்டியது கடைக்காரருடையது. பெரிய ஓட்டத்தில் வின் (முதலிடம்) மட்டும் எழுதாதீர்கள். வின்னும் பிளேஸுமாக (முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும்) பாதிப் பாதி எழுதுங்கள். பதினாறு குதிரையோ அதற்கு மேலோ ஓடும் ஹேண்டிகேப்பில் (திறமைக்கு ஏற்ப எடை சுமத்தும் ஓட்டத்தில்) வழக்கமாக நான்காம் இடம் வரை விலையில் கால் பங்கு தருவார்கள். நோபிள் யீட்ஸுக்கு நூறும் நூறும் எழுதியிருந்தால் வின்னுக்கு 5,100, பிளேஸுக்கு 1,350, ஆக 6,450 (வரி போக). துண்டில் விலையையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் குதிரை கிளம்பும்போது என்ன விலையோ அதுதான். குதிரை விலகிவிட்டதா என்று கடைசியாக ஒரு முறை பாருங்கள். சம்பளத்தன்று எழுதாதீர்கள், அது தனிக் கதை.

என் அனுபவம்? 2009-இல் அதே ஓட்டத்தில் மோன் மோம் ஒன்றுக்கு நூறு விலையில் ஜெயித்தது. என்னிடம் துண்டு இருந்தது, பிளேஸ் மட்டும். கடைக்காரர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

மஸ்கெலியா தங்கச்சி:
மாமா, கணக்கு நன்றாகச் சொல்கிறீர்கள், உங்கள் 2009 துண்டில் ஏன் வின் இல்லை?

நான் ஓட்டம் பார்த்தவள் அல்ல, துணி துவைக்கிறவள். வீட்டுக்காரரின் காற்சட்டைப் பையில் ஊறிப்போன துண்டு ஒன்று. நீல எழுத்து எல்லாம் கரைந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அது ஜெயித்த துண்டாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரர் தன் கார்பன் பிரதியைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் வந்து சொன்ன முதல் வார்த்தை, "இனிமேல் என் பையைத் தொடாதே." அதற்கு முன்னும் பின்னும் தோற்ற துண்டுகளை நான்தான் அடுப்பில் போட்டேன், அதற்கு யாரும் கோபிக்கவில்லை.

கொட்டகலைக்காரன்:
மாமாவின் கணக்கில் தவறில்லை. மூன்று சதவீதமா, இரண்டா என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கதையை நான் இங்கே எழுதியது குதிரைக்காக அல்ல. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க நான்கு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், ஆள் இல்லை. அட்டன் பக்கம் போய்வருகிற யாராவது இருந்தால்: சாம்பல் நிறக் கம்பளிக் குல்லா, இடது காதில் பென்சில், படியில் இறங்கும்போது வலது காலை முதலில் வைப்பார். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.