புதுப்பிப்பு: மொசைக் தரையில் வழுக்கும் எங்கள் நாய் மணி

13 வயது மணி எழுந்திருக்கவே திணறுகிறான் என்று போன மாதம் எழுதியிருந்தேன். "வயசாயிடுச்சு, விடுங்க" என்றார்கள் சிலர். வயசு மட்டும் இல்லை. கால்நடை டாக்டர் இடுப்பை அழுத்தியதும் முனகினான். எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். (நாம் போடும் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபெனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும்.)

வளர்ந்திருந்த நகத்தை வெட்டி, பாத மெத்தைகளுக்கு நடுவே மண்டிய முடியைக் கத்தரித்ததும் வழுக்குவது பாதி குறைந்தது. சாப்பாட்டுத் தட்டு வரை ரப்பர் பாய் விரித்திருக்கிறேன். பாய் முடியும் இடத்தில் நின்று, அடுத்த துண்டு எங்கே என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறான். நேற்று பால்காரர் சத்தம் கேட்டுத் தானாகவே எழுந்து வாசலுக்குப் போனான்.

அப்புறம், எடை 2 கிலோ குறைய வேண்டுமாம். அம்மா ரகசியமாகப் போடும் இட்லி நின்றால்தான் அது நடக்கும்.