புதுப்பிப்பு: வேளச்சேரி வரைபடத்தில் விடுபட்ட வெட்டுப்புள்ளிகள்

சென்னை வேளச்சேரியின் தெருக் கோடுகளையும் மழைநீர் வடிகால் கோடுகளையும் சேர்த்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை, அதாவது வெட்டுப்புள்ளிகளைத் தேடும்போது, என் நிரல் சிலவற்றை விட்டுவிடுகிறது என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாக ஓடுகிறது.

நான் பயன்படுத்துவது 1979-இல் பென்ட்லியும் ஆட்மனும் வெளியிட்ட முறை. செங்குத்தான ஒரு கற்பனைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். அதைத் தொடும் கோடுகளை மேலிருந்து கீழாக ஒரு மரத்தில் (கிளை கிளையாகத் தரவை அடுக்கும் அமைப்பு) வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து இருப்பவை வெட்டிக்கொள்கின்றனவா என்று மட்டும் சோதித்தால் போதும். வெட்டுப்புள்ளியைக் கடக்கும்போது அந்தக் கோடுகள் வரிசையில் இடம் மாறும். இந்த வரிசையை நம்பித்தான் எல்லாமே நடக்கிறது, சிக்கலும் அங்கேதான். வெட்டுப்புள்ளியை டபுள் எண்ணில் (குறிப்பிட்ட இலக்கங்கள் வரை மட்டுமே துல்லியமான தசம எண் வகை) கணக்கிட்டால் கடைசி இலக்கங்கள் வெட்டுப்பட்டு, புள்ளி மயிரிழை விலகுகிறது. வடிகால் பெரும்பாலும் தெருவுக்கு இணையாகவே போவதால், அந்த விலகலே வரிசையைக் குலைத்துவிடும். அப்புறம் பக்கத்தில் வர வேண்டிய கோடுகள் பக்கத்தில் வராது, சோதனையே நடக்காது.

ஆகவே ஆயங்களை யுடிஎம் (இடங்களை மீட்டரில் குறிக்கும் வரைபட முறை) 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி, மில்லிமீட்டர் அளவில் முழு எண்களாக்கினேன். ஒரு முனை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்ற கணக்கு, சென்னை அளவுக்கு 64 பிட் முழு எண்ணில் தாராளமாக அடங்கும். வெட்டுப்புள்ளிகளை மட்டும் பின்னமாகவே வைத்து, பெரிய முழு எண்களால் ஒப்பிடுகிறேன். வேகம் குறைகிறது, பரவாயில்லை. ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடுகளை முன்கூட்டியே இணைத்துவிடுகிறேன்.

ஒரு வார்டுக்கு மட்டும் எல்லா ஜோடிகளையும் நேரடியாகச் சோதித்து ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட விடுபடவில்லை.