கில்மன் முனை வரை போனால் கிளிமஞ்சாரோ ஏறியதாகுமா?

உயரமானி:
போன வாரம் நடைப்பித்தன் இங்கே "கிளிமஞ்சாரோ ஏறியாயிற்று" என்று தலைப்புப் போட்டு ஒரு பயணக் கட்டுரை எழுதினார். தான்சானியாவில் இருக்கும் அந்த மலைக்கு மரங்கு வழியாக, கைடுகளோடு போன குழு. எல்லோரும் கைதட்டிவிட்டீர்கள். கடைசிப் படத்தில் அவர் கட்டிப்பிடித்து நிற்கும் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தவர் யாராவது உண்டா? அது கில்மன் முனை. எரிமலை வாயின் விளிம்பு, 5,685 மீட்டர். கிளிமஞ்சாரோவின் உச்சி உஹுரு, 5,895 மீட்டர். நடுவில் 210 மீட்டர் பாக்கி. அந்த 210 மீட்டரை ஏறாதவர் எப்படி "ஏறியாயிற்று" என்று எழுதலாம்? "கில்மன் வரை போனேன்" என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நடைப்பித்தன்:
வாங்க சார், உங்களைத்தான் இன்னும் காணோமே என்று இருந்தேன். கில்மனில் திரும்பியதைக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். படிக்கப் பொறுமை வேண்டும். நள்ளிரவில் கிபோ குடிலில் கிளம்பி, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் சரளைச் சரிவு. ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே வழுக்கும். தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துபோய், உறிஞ்சினால் காற்றுகூட வரவில்லை. கில்மன் வந்தவர்களுக்குப் பூங்கா நிர்வாகமே சான்றிதழ் தருகிறது. தான்சானியாக்காரர்கள் கொடுத்ததை நீங்கள் பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

உயரமானி:
சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது? கில்மன் முனை என்றுதானே? உஹுரு போனவருக்கு வேறு சான்றிதழ். பூங்காவுக்குத் தெரிந்த வித்தியாசம் உங்கள் தலைப்புக்குத் தெரியவில்லை. 210 மீட்டர்.

மச்சாமே மணி:
நான் மச்சாமே வழியாகப் போனவன். பராஃபு முகாமிலிருந்து ஏறினால் விளிம்பில் வருவது ஸ்டெல்லா முனை. அங்கிருந்து உஹுரு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கில்மனிலிருந்து விளிம்பைச் சுற்றி நடக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் செங்குத்தான வேலை எல்லாம் விளிம்போடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மெதுவான ஏற்றம்தான். அந்த வகையில் நடைப்பித்தன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. குடிலில் கட்டில் போட்டுப் படுத்துப் போகிற மரங்கு வழியில் ஐந்து நாளில் முடிக்க நினைத்தால் இப்படித்தான் ஆகும். மச்சாமேயில் 4,600 மீட்டருக்கு லாவா டவர் என்ற பாறை வரை ஏற்றிவிட்டு, அன்றைக்கே பராங்கோ முகாமுக்கு இறக்கித் தூங்க வைப்பார்கள். உடம்பு பழகும்.

நடைப்பித்தன்:
ஆதரவு மாதிரி ஆரம்பித்து அடிக்கிறீர்களே மணி. கட்டில் இருந்தால் மலை உயரம் குறைந்துவிடுமா? நாங்கள் ஹொரோம்போ குடிலில் கூடுதலாக ஒரு நாள் தங்கி, மவென்சி சிகரத்தின் பக்கம் ஏறி இறங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் போனோம். அதுவும் கட்டுரையில் இருக்கிறது.

எனக்குத் தெம்பு இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கைடுதான் போதும் என்று திருப்பினார். இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தேவி:
நான் மருத்துவர், அதனால் கேட்கிறேன். திருப்புவதற்கு முன் கைடு உங்களை என்ன செய்யச் சொன்னார்?

நடைப்பித்தன்:
பெயர் கேட்டார். குடிலின் பெயர் கேட்டார். அப்புறம் ஒரு குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நடந்தேன். கொஞ்சம் சாய்ந்தது. அந்த இருட்டில், அந்த பூட்ஸில் யாருக்குத்தான் சாயாது?

தேவி:
அந்தக் "கொஞ்சம் சாய்ந்தது"தான் விஷயம். மூளையில் நீர் கோக்கும்போது முதலில் தடுமாறுவது நடைதான். ஏறுகிறவருக்கு அது தெரியாது, தெம்பாக இருப்பதாகவே நினைப்பார். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டிருந்தாலும் அறிகுறி வந்த பிறகு ஒரே வழி இறங்குவது. உங்கள் கைடு செய்தது சரி. கட்டுரையில் அவரைக் குறை சொல்லும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இன்னொரு வரி எழுதாதீர்கள். படித்துவிட்டு அடுத்து போகிறவர் கைடோடு சண்டை போடுவார்.

உயரமானி:
டாக்டரம்மா சொல்வது சரி. திரும்பியதை நான் குறையே சொல்லவில்லை. திரும்பிய பிறகு போட்ட தலைப்பைத்தான் சொல்கிறேன். 210 மீட்டர் ஏறவில்லை. அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

வரைபடக்காரன்:
210 என்று அடித்துச் சொல்கிறீர்களே, எந்தக் கணக்கு? கில்மனுக்கு 5,681 என்றும் போட்டிருக்கிறார்கள், 5,685 என்றும் போட்டிருக்கிறார்கள். ஸ்டெல்லாவுக்கும் 5,739, 5,756 என்று இரண்டு கணக்கு ஓடுகிறது. உஹுருவின் 5,895 என்பது 1952ஆம் ஆண்டு பிரிட்டிஷார் அளந்தது. 1999இல் செயற்கைக்கோள் கருவி கொண்டு அளந்தபோது 5,892 வந்தது. உங்கள் 210 எந்தப் பழையதையும் எந்தப் புதியதையும் கழித்து வந்தது?

உயரமானி:
207 ஆகட்டும், 214 ஆகட்டும். ஏறவில்லை என்பது மாறுமா?

வரைபடக்காரன்:
மாறாது. ஆனால் அடுத்தவர் தலைப்பில் துல்லியம் கேட்கிறவர் தன் எண்ணில் துல்லியமாக இருக்க வேண்டும் அல்லவா?

உயரமானி:
பலகை 5,895 என்கிறது. பலகையைத்தான் நான் சொல்வேன். எண்ணை விடுங்கள், வரலாற்றைப் பாருங்கள். 1889இல் ஜெர்மன் புவியியலாளர் ஹான்ஸ் மேயரும் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரும் அக்டோபர் 3ஆம் தேதி விளிம்பைத் தொட்டார்கள். பனியில் படி வெட்டி வெட்டி ஏறியதில் தெம்பு முழுக்கப் போயிருந்தது. திரும்பி இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கிளம்பி, அக்டோபர் 6 அன்று உச்சியில் நின்றார்கள். முதல் ஏற்றம் என்று உலகம் எழுதி வைத்திருப்பது அந்த 6ஆம் தேதியை. 3ஆம் தேதியை அல்ல. படியும் இல்லாமல், பாதையும் இல்லாமல், விளிம்பு வரை வெட்டிப் போன மேயருக்கே கிடைக்காத கணக்கு, போட்ட பாதையில் கைடு பின்னால் போனவருக்கு எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1961 டிசம்பரில் தங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி) சுதந்திரம் அடைந்தபோது இராணுவ அதிகாரி அலெக்சாண்டர் நிரெண்டா தீப்பந்தத்தையும் கொடியையும் எங்கே கொண்டுபோய் வைத்தார்? "கில்மன் போதும், செங்குத்து முடிந்துவிட்டது" என்று திரும்பினாரா?

வானதி:
மேயர், புர்ட்ஷெல்லர் என்று இரண்டு பேரை மட்டும் சொல்கிறீர்கள். சாமான் சுமந்தவர்கள் யார், சமைத்தவர் யார் என்று யாருக்காவது அக்கறை உண்டா? யோஹானி லாவோ என்ற சாகா இனத்தவர் வழிகாட்டியாகப் போனார் என்று மலையடிவார ஊரான மோஷிப் பக்கம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். 210 மீட்டருக்காக இவ்வளவு நேரம் அடித்துக்கொள்கிறீர்கள். உங்கள் ஸ்லீப்பிங் பேக்கையும் சாப்பாட்டுக் கூடாரத்தையும் தலையில் வைத்துத் தூக்கி வந்த போர்ட்டர்களைப் பற்றி நடைப்பித்தன் கட்டுரையில் ஒரே வரிதான்: "போர்ட்டர்கள் சிரித்த முகமாக இருந்தார்கள்."

நான் போனபோது வாசலில் தராசு வைத்து மூட்டைகளை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 20 கிலோ, அதற்கு மேல் கூடாது. தராசைத் தாண்டிப் பாதை வளைந்ததும் எங்கள் குழுவிலேயே ஒரு மூட்டையை அவிழ்த்து இன்னொரு பையன் முதுகில் ஏற்றினார்கள். அவன் காலில் இருந்தது தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூ, ஒரு பக்கம் கயிறுகூட இல்லை. நாம் முகாமுக்கு மூச்சு வாங்கி வந்து சேருவதற்குள் நம் கூடாரத்தைப் போட்டு வைத்திருப்பது அவன்தான்.

மச்சாமே மணி:
உண்மைதான் வானதி. ஆனால் எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. போர்ட்டர்களுக்காகவே மோஷியில் ஓர் அமைப்பு இருக்கிறது. கூலி, சாப்பாடு, சுமை மூன்றையும் கண்காணிக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்த நிறுவனமா என்று கேட்டு முன்பதிவு செய்யலாம்.

வானதி:
செய்யலாம்தான். ஆனால் மலிவு எது என்று பார்த்துத்தானே எல்லோரும் போகிறோம்? இரண்டு நிறுவனத்துக்கும் நடுவில் இருக்கும் விலை வித்தியாசம் யார் தலையில் இருந்து கழிகிறது?

நடைப்பித்தன்:
அக்கா, நான் டிப்ஸ் குறைக்காமல் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். கையுறையும் ஜாக்கெட்டும் அங்கேயே கொடுத்தேன். எழுதவில்லை, அவ்வளவுதான். கொடுத்ததை எழுதினால் தம்பட்டம் என்பீர்கள், எழுதாவிட்டால் அக்கறை இல்லை என்பீர்கள்.

வானதி:
டிப்ஸைத் தலைமைக் கைடு கையில் கொடுத்தீர்களா, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தீர்களா?

நடைப்பித்தன்:
தலைமைக் கைடிடம். அதுதான் வழக்கம் என்றார்கள்.

வானதி:
அப்படியானால் உங்கள் மூட்டையைச் சுமந்த பையனுக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியாது.

உயரமானி:
போர்ட்டர் விஷயம் முக்கியம்தான், அதற்குத் தனியாக ஒரு இழை போடுங்கள். இங்கே கேள்வி உச்சியைப் பற்றி. மூன்றாவது முறை கேட்கிறேன்: ஏறாத மீட்டருக்கு யார் பதில் சொல்வது?

நடைப்பித்தன்:
சரி, நான் சொல்கிறேன். கொஞ்சம் பழைய பக்கங்களைத் தேடினேன். "கென்யா மலையை வென்றோம்" என்று தலைப்பு. எழுதியவர் உயரமானி. படத்தில் இருக்கும் பலகை லெனானா முனை, 4,985 மீட்டர். கென்யா மலையின் உச்சி பாத்தியான், 5,199 மீட்டர். கழித்துப் பாருங்கள் சார். 214 மீட்டர். என்னுடையதைவிட நாலு மீட்டர் அதிகம்!

வரைபடக்காரன்:
கில்மனுக்கு 5,681 வைத்தால் இருவருக்கும் சரியாக 214. சமம்.

மச்சாமே மணி:
வரைபடக்காரரே, பிரமாதம்.

உயரமானி:
இதை எதிர்பார்த்தேன். பாத்தியான் கயிறு கட்டி, பாறையில் பிடித்து ஏறும் இடம். மலைநடைக்குப் போகிறவர்களுக்கு லெனானாதான் உச்சி. கென்யாவில் எந்தக் கைடைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். கிளிமஞ்சாரோ அப்படி இல்லை. கில்மனிலிருந்து உஹுருவுக்கு நடந்தே போகலாம். நடக்கக்கூடிய இடத்தை நடக்காமல் விட்டது வேறு, நடக்கவே முடியாத இடம் வேறு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

நடைப்பித்தன்:
ஆக, உங்களால் ஏற முடியாத உச்சி கணக்கில் வராது. என்னால் ஏற முடியாமல் போன உச்சி மட்டும் வரும். 1899லேயே பிரிட்டிஷ் புவியியலாளர் மக்கிண்டர் பாத்தியான் மேல் நின்றுவிட்டார். முடியாத இடம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

உயரமானி:
மக்கிண்டர் கூட்டிப்போனது ஆல்ப்ஸ் மலை கைடுகளை. நீங்கள் போனது குழுப் பயணம். ஒப்பீடு பொருந்தாது.

நடைப்பித்தன்:
நீங்கள் மேயரை இழுத்தால் பொருந்தும், நான் மக்கிண்டரை இழுத்தால் பொருந்தாது!

தேவி:
இவ்வளவு பேசுகிறீர்கள், நடை தடுமாறியது பற்றி நான் எழுதியதை ஒருவரும் திரும்பப் பார்க்கவில்லை. நடைப்பித்தன், அந்தக் கைடைப் பற்றிய வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்தீர்களா?

நடைப்பித்தன்:
எடுக்க மாட்டேன் டாக்டர். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

உயரமானி:
தலைப்பையும் மாற்றவில்லை, அந்த வரியையும் எடுக்கவில்லை. நல்லது. என் கென்யாக் கட்டுரையில் முதல் பத்தியிலேயே "லெனானா, 4,985 மீட்டர்" என்று போட்டிருக்கிறேன். தலைப்பை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள்.

நடைப்பித்தன்:
என் கட்டுரையிலும் கில்மன் என்று உள்ளே போட்டிருக்கிறது. முதல் பதிவில் நீங்கள் பிடித்தது தலைப்பைத்தானே?

உயரமானி:
முதல் பத்தியில் போடுவதும் நடுவில் எங்கோ போடுவதும் ஒன்றல்ல. உங்கள் கட்டுரையில் கில்மன் என்ற பெயர் எத்தனையாவது பத்தியில் வருகிறது என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.